டின்னுக்குள் மிச்சமிருந்த இருபது பேர்

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. இந்த எண்ணைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கடைசியில் அந்த ஏழு ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தால் எட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் இந்நேரம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு யார் காரணம் என்று கேட்டால் முதலில் டாக்டர் ஸ்ரீகரனைத் திட்டுவேன். அப்புறம் பணம் தருவதாகச் சொன்ன அறக்கட்டளைக்காரர்களைத் திட்டுவேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

என் பெயர் சுபாஷினி. சுங்கை பினாங் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒரு வருடம் வாசிப்பு ஆசிரியையாக இருந்தேன். பள்ளி வைத்த ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் ஸ்ரீகரன், தன் ஆய்வுக்காக ஒப்பந்தத்தில் வைத்த ஆள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நாற்பது பேர் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். அவர்களுக்காக அவர் ஓர் அட்டை செய்திருந்தார். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. அதைச் சொல்லின் மேல் வைத்து நகர்த்தினால் ஒவ்வொரு துண்டாகத்தான் கண்ணில் படும். எவ்வளவு நீளமான சொல்லானாலும் பிள்ளை மிரளாது. சன்னல் அட்டை என்று பெயர் வைத்திருந்தார். ஆளைத் திட்டினாலும் அட்டையைத் திட்ட மாட்டேன். அருமையான யோசனை.

நாற்பது பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம்தானே? கூடாதாம். அப்படிச் செய்தால், அட்டையால் படித்தார்களா, வயது ஏறியதால் தானாகப் படித்தார்களா என்று தெரியாதாம். அதனால் இருபது பேருக்குப் பாடம், இருபது பேருக்கு இல்லை. வருடக் கடைசியில் இரண்டு கூட்டத்தையும் வாசிக்கவைத்து ஒப்பிடுவார்கள். வித்தியாசம் நம்பும்படி இருந்தால், புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் எட்டுப் பள்ளிகளில் இதை நடத்த அறக்கட்டளை பணம் தரும். விட்டுப்போன இருபது பேருக்கும் அடுத்த வருடம் முறை வரும்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று என் கையாலேயே குலுக்கினேன். ஆசிரியர் அறையில் கிடந்த காலி மைலோ டின்னில் நாற்பது சீட்டு போட்டு இருபதை எடுத்தேன். மிச்ச இருபது பேர் கண்ணில் அட்டையைக் காட்டவே மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். பெரிய மனுஷி மாதிரி நீட்டி முழக்கிப் போட்டேன்.

என் வீடு பிளாட்டில் ஒன்பதாவது மாடி. அதே மாடியில்தான் கோகிலன் வீடு. அதற்கு எதிர்வீடு பிரஷாந்தி வீடு. கோகிலன் பெயர் டின்னிலிருந்து வந்தது. பிரஷாந்தி பெயர் வரவில்லை. அவள் அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சாயங்காலமானால் அந்தப் பெண் பள்ளிச் சட்டையோடு நடைபாதையில் உட்கார்ந்து, கோகிலன் அட்டையை நகர்த்தி நகர்த்திப் படிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் லிப்டைவிட்டு வெளியே வந்ததும் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், கோகிலனுக்கு மட்டும் ஏன் அட்டை?"

"அவன் பேரு டின்ல வந்துச்சும்மா."

"என் பேரு இன்னும் டின்னுக்குள்ளதான் இருக்கா?"

"ஆமா."

"இன்னொரு தடவ ஆட்டிப் பாருங்களேன் டீச்சர். வந்துரும்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அடுத்த வருடம் வா என்று கதவைச் சாத்தியிருப்பீர்களா? எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு ஓர் அட்டையைக் கொடுத்தேன்.

"இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். யாருக்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?"

"சத்தியமா டீச்சர்" என்று என் உள்ளங்கையில் அடித்தாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா திறந்துவிட்டாள். அடுத்த வாரமே, "டீச்சர், கெசியான் லா, பக்கத்து புளோக்ல ஒரு பிள்ளை, அதுவும் இப்படித்தான் தடுமாறுது" என்று இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். பாவம் என்று அவள் சொன்ன பிறகு நான் மட்டும் பாவம் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒன்று இரண்டானது, இரண்டு ஐந்தானது. கடைசியில் என் வீட்டு ஹாலில் பதினொரு பேர், எல்லாருமே டின்னிலிருந்து பெயர் வராத அந்த இருபதில் உள்ளவர்கள். பயிற்சித் தாள்களை நகலெடுக்கப் போனால், "என்ன டீச்சர், டியூசன் ஓப்பன் பண்ணிட்டீங்களா?" என்று போட்டோஸ்டேட் கடைக்காரர் கேட்பார். காசு வாங்கவில்லை. ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. இந்தத் தீவிலேயே என்னைவிடப் புண்ணியவதி இல்லை என்று நினைப்பு வேறு. அந்த நினைப்பை இப்போது எடுத்துச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மிச்ச ஒன்பது பேர் தூரத்துப் பிளாட்டுகளில் இருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. அதில் அருணன் என்று ஒருவன். பள்ளியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எனக்கு அடுத்த வருசம்தானே டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். சொன்னபடி வரிசையில் நின்றவன் அவன்.

வருடக் கடைசியில் டாக்டரின் ஆட்கள் வந்து நாற்பது பேரையும் ஒவ்வொருவராக வாசிக்கவைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் கழித்து அவர் என்னைச் சூலியா தெருவில் சாப்பிடக் கூப்பிட்டார். நாசி கண்டார் வந்தது. கோழி, வெண்டைக்காய் எல்லாம் வாங்கிக்கொடுத்தார். நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன்.

"உங்க பிள்ளைங்க நல்லா வந்திருக்காங்க டீச்சர். நிமிசத்துக்கு இருபத்திமூணு சொல் கூடியிருக்கு."

"பாத்தீங்களா சார்! நான்தான் அப்பவே சொன்னேனே!"

"ஆனா மத்த இருபது பேரும் பதினேழு கூடியிருக்காங்க. ஒண்ணுமே செய்யாம."

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் டிஷ்யூ தாளில் ஒரு கோடு போட்டார். "வித்தியாசம் ஆறு சொல்தான். நம்ம அட்டை சுத்தமா வேலையே செய்யலன்னு வச்சுக்குவோம். அப்பவும் குலுக்கல் அதிர்ஷ்டத்துல இவ்வளவு வித்தியாசம் தானா வர நூத்துக்கு ஏழு வாய்ப்பு இருக்கு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. அது அஞ்சுக்குக் கீழ இருந்தாத்தான் அறக்கட்டளை கணக்குல எடுத்துக்கும்."

"ஏழுக்கும் அஞ்சுக்கும் ரெண்டுதானே சார்! பாசார்ல மீன் வாங்கினாக்கூட இவ்வளவு கறாரா இருக்க மாட்டாங்க லா!"

"கோட்டை எங்கயாவது போட்டுத்தானே ஆகணும்."

"யாரு சார் அஞ்சுல போட்டது?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டது."

"எந்த எல்லாரும்? என்னைக் கேட்டாங்களா? பிள்ளைங்களக் கேட்டாங்களா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை அறக்கட்டளையின் கூட்டம், அதோடு முடிந்துவிடும் என்றார். அவரும் சாப்பிடவில்லை. நான் கத்தியது அவருக்குக் கோபமாகக் கேட்டிருக்கும். உண்மையில் அது பயம்.

இரண்டு நாள் தூங்காமல் புரண்டேன். செவ்வாய்க்கிழமை அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் திட்டவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார். கணினியில் அந்தப் பதினொரு பேரைத் தேடி, அவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு கூடியிருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர்களும் சராசரியாக இருபத்துமூன்றுக்கு மேல் வந்திருந்தார்கள். என் வீட்டுப் பக்கமே வராத ஒன்பது பேர் ஒன்பது சொல்தான் கூடியிருந்தார்கள். பதினொரு பேரை எடுத்துவிட்டு மறுபடியும் கணக்கை ஓட்டினார். ஏழு போய்விட்டது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் இரண்டு.

"ஆயிரத்துக்கு ரெண்டு" என்றார். ஒரு கணம் சின்னப்பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "வேலை செஞ்சிருக்கு டீச்சர். ரெண்டு இடத்துலயும் வேலை செஞ்சிருக்கு."

"அப்ப இதையே அனுப்பிருங்க சார்!"

முகம் மறுபடி இறுகிவிட்டது. "முடிவைப் பாத்த பிறகு இடைஞ்சலான பிள்ளைங்கள வெளிய தூக்கினா, யாரு வேணும்னாலும் எதையும் நிரூபிக்கலாம். அது பித்தலாட்டம். நடந்தத நடந்தபடி எழுதணும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, நான் அறிக்கையோட சேர்க்கிறேன். என் மேற்பார்வையில நடந்த தப்பு, எனக்கும் அடி விழும். பரவாயில்ல. இன்னொரு வருசம் ஒழுங்கா நடத்திப் பாக்கிறோம்னு கேக்கலாம். தருவாங்கன்னு நினைக்கிறேன்."

"எனக்கு என்ன சார் ஆகும்?"

"ஒப்பந்தத்தை மீறினதாப் பதிவாகும். பள்ளிக்கும் தெரியவரும். இத நான் மறைக்க முடியாது டீச்சர்."

அவர் கெட்டவராக இருந்திருக்கக்கூடாதா? இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

நிரந்தர ஆசிரியை வேலைக்காக எட்டு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமும் ஒப்பந்தம், தற்காலிகம், பதிலாள். அந்த வருடம்தான் முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றாகவும் செய்திருந்தேன். முடிவு வர வேண்டிய நேரம். அந்த நேரத்தில் என் பெயருக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி.

"நாளைக்கு எழுதித் தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை, "சுபாஷினி ஆகிய நான்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. வியாழக்கிழமை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் மூன்று தடவை அழைத்தார். நான் எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்பினார்: "டீச்சர்?"

நான் பதில் அடித்தேன். "அன்னிக்கு ஆத்திரத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன் சார். அப்படி ஒண்ணும் நடக்கல. மன்னிச்சிருங்க."

இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. பதினொரு பெயரும் என் கையெழுத்தில் அவரிடம் இருந்தன. அதைத் தூக்கிக்காட்டி என்னைப் பொய்க்காரி என்று நிரூபித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு என்றே அனுப்பிவிட்டார்.

வேலை கிடைத்தது. அம்மா பாயசம் வைத்தாள். அதே பள்ளிக்கே நிரந்தர ஆசிரியையாகப் போட்டார்கள். முதல் நாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்துக்கு வெளியே அறிவிப்புப் பலகையின் முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் அருணன். இன்னொருத்தி பிரஷாந்தி. பெற்றோருக்காக ஒட்டிய கடிதத்தில் 'வாசிப்புத் திட்டம்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் சன்னல் அட்டையின் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அருணன் நின்றிருக்க வேண்டும்.

"என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு" என்றான்.

பிரஷாந்தி கையில் அட்டை இல்லை. இரண்டு கையின் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னச் சன்னல் மாதிரி வைத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதைக் கடிதத்தின் மேல் நகர்த்திக்கொண்டே சத்தமாகப் படித்தாள்.

"வாசிப்புத் திட்டம் இவ்வாண்டு முதல் நிறுத்தப்படுகிறது. இத்திட்டத்தால் மாணவர்களின் வாசிப்புத் திறனில்..." நீளமான சொல் வந்ததும் விரலைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டாள். "குறிப்... பிடத்... தக்க... குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டதாக ஆய்வு காட்டவில்லை."

ஓர் எழுத்து பிசகவில்லை. போன வருடம் தன் பெயரையே முழுதாக வாசிக்கத் தெரியாத பெண்.

"அப்ப என் முறை எப்ப வருதாம்?" என்று அருணன் கேட்டான்.

அவள் கடிதத்தை மேலிருந்து கீழே மறுபடியும் தேடினாள். "அது போடல" என்றாள். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"டீச்சர், நான் யாருக்கிட்டயும் சொல்லல" என்று காதுக்குள் சொன்னாள்.

"நானும் சொல்லலம்மா" என்றேன்.

அருணன் இன்னும் பலகையைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தான்.