மூன்று அலுவலகங்களுக்கு நடுவில் நெவில்

பக்கவாதம் வந்தபோது நெவிலுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஆறாவது வாரம், கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். "இனி வீட்டுக்குப் போகலாம்" என்றார் மருத்துவர். அக்கா ஹேசல் அன்றே அவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கைக்கு உறை மாற்றிவிட்டு வந்தாள்.

ஆனால் குளிப்பாட்டி உடை மாற்றிவிட ஆள் வேண்டும். அது நகராட்சியின் பொறுப்பு. குளியலறையில் கைப்பிடி வராமல் ஆள் அனுப்ப முடியாது என்றது நகராட்சி. எங்கே பொருத்துவது என்று மருத்துவமனை எழுதித் தராமல் கைப்பிடி வராது என்றது அவன் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுவசதிச் சங்கம். எப்போதோ எழுதி அனுப்பிவிட்டோம் என்றது மருத்துவமனை. ஹேசல் தினமும் மூன்று இடத்துக்கும் போன் செய்தாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

விழுந்துவிடுவான் என்று வார்டில் நெவிலை எழுந்திருக்கவே விடவில்லை. ஒன்பதாவது வாரம் நெஞ்சில் சளி கட்டியது.

"என்னை மறந்துட்டாங்களா அக்கா?"

"உன்னையா? மூணு ஆபீஸ்லயும் உன் பேரு மனப்பாடம்டா."

அவன் பாதி வாயால் சிரித்தான். ஹேசல் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை நகராட்சிக்கே போனாள். சமூகப் பணியாளர் லினெட்டின் மேஜையில் கோப்புகள் குவிந்து கிடந்தன.

"அந்தக் கடிதம் எங்க யாருக்கும் வரலம்மா."

"அனுப்பினோம்ங்கறாங்க. கார் வெளியே நிக்குது. வாங்க, நேர்ல போய்க் கேப்போம்."

"அப்படியெல்லாம் வர எனக்கு அனுமதி இல்ல."

"கத்தறதுக்கு எனக்குத் தெம்பில்ல. கெஞ்சத்தான் முடியும்."

லினெட் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

வார்டு செவிலி கணினியில் தேடினார். கடிதம் போயிருந்தது, சென்ற வருடமே மூடிவிட்ட ஒரு பிரிவின் முகவரிக்கு. லினெட் அங்கிருந்தே வீட்டுவசதிச் சங்கத்தைக் கூப்பிட்டாள். மூவரும் பேசி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆனது. வியாழக்கிழமை கைப்பிடி பொருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை நெவிலை நிற்க வைத்துப் பார்த்தார்கள். கால் தாங்கவில்லை. இனி கவனித்துக்கொள்ள ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளை. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

"யார் மேல தப்புன்னு சொல்லுங்க" என்றாள் ஹேசல். "அவங்களைத் திட்டிட்டாவது போறேன்."

அன்றும் வந்திருந்த லினெட் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். "இந்தத் தடவை எல்லாரையும் இங்கயே வரச் சொல்றேன். இவர் முன்னாடியே எழுதுவோம்."

மூன்று வாரம் கழித்து நெவிலை ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்துக் கட்டிலில் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நடந்தேன்ல அக்கா? நீ பாத்தல்ல?"

"பாத்தேன்டா" என்றாள் ஹேசல்.