கொடிக்கு அந்தப் பக்கம்

விடியும் முன்பே விரல்கள் ஊறிப்போயிருந்தன. ஹன்டர் பள்ளத்தாக்கின் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி திராட்சை வரிசைகளுக்குள் புகுந்து இலைகளில் நீராகச் சொட்டியது. ராகவேந்திரா குனிந்து, இடக்கையை இலைக்குள் விட்டுக் குலையைத் தாங்கி, கத்தரியால் காம்பை வெட்டி வாளியில் போட்டான். வாளி நிறைந்தும் முதுகை நிமிர்த்த முடியவில்லை. வெயில் ஏறுமுன் இறக்கியாக வேண்டும்; சூடேறிய குலை ஒயினுக்கு ஆகாது.

ஒரு கொடிக்கு இருவர். அவன் இந்தப் பக்கம், மன்னார்க்காரி மரியமலர் அன்ரி அந்தப் பக்கம். நடுவில் இலை அடர்த்தி. எதிரில் இருப்பவர் கை தெரியாது. அதனால் சிட்னிப் புறநகர் வென்ட்வேர்த்வில்லிலிருந்து வேனில் வரும் இந்தத் தமிழ்க் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கையை உள்ளே விடுமுன் "வாறன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மறுபக்கம் "ஓம்" என்று ஆமோதித்த பிறகுதான் கத்தரி வாய் மூடும்.

கோயம்புத்தூரில் பொறியியல் படித்த ராகவேந்திரா "வர்றேன்" என்பான்.

"நீ அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு குலை வெட்டிப்போடுவன்" என்று அன்ரி கேலி செய்வாள்.

மனைவி யாமினி இறந்த பிறகு, நாள் முழுக்க அவன் பேசியது அந்த ஒரு சொல்தான்.

இந்த வாரம் அதையும் நிறுத்தினார்கள். தோட்டத்தின் ஓரம் முதலாளி விடுதிக் குடில்கள் கட்டியிருந்தார். பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவர்களுக்குக் காலைச் சத்தம் தொந்தரவாம். ஆள் கூட்டிவரும் சச்சிதானந்தன் வேனிலேயே சொல்லிவிட்டார்: "அவையள் அமைதிக்குத்தான் காசு குடுத்து வருகினம். வாயைத் திறக்கிறவை நாளைக்கு ஏறத் தேவையில்லை."

ராகவேந்திராவுக்கு அது சிரமமாக இல்லை. பழகிப்போன மௌனம்.

கத்தரி, காம்பைவிட மெத்தென்ற எதையோ கடித்தது.

மறுபக்கம் சத்தமே இல்லை. இலைகளை விலக்கினான். அன்ரி சால்வை முனையைப் பல்லால் கடித்தபடி நின்றாள். சுட்டுவிரல் நுனி தொங்கியது. பச்சைக் குலையில் ரத்தம் விழுந்தது. அலறவும் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

அவன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டினான். சச்சிதானந்தன் ஓடி வந்தார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும் அங்கிள்."

"பொறும். அது உள்ள வந்தா முழு இடமும் எழும்பும். நான் கொண்டு போறன்." அவர் அன்ரியிடம் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, டாக்டர் கேட்டா குசினியில மரக்கறி வெட்டேக்க பட்டது எண்டு சொல்லுங்கோ."

"இந்தச் சேத்துச் சப்பாத்தோடயோ குசினியில நிண்டனான்?" முகம் வெளிறியும் அன்ரி விடவில்லை.

அவர் ராகவேந்திராவிடம் திரும்பினார். "வெட்டினது உம்மட கை. வேலையிடத்து விபத்து எண்டு வந்தா முதல்ல உம்மைத்தான் கேப்பினம். விசா முடியப்போகுது எண்டு சொன்னனீர் எல்லே? வாயை மூடிக்கொண்டு இரும்."

"மூடிட்டுத்தான் இருந்தேன். அதனாலதான் வெட்டினேன்."

கைபேசியை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தான். குரலைத் தாழ்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னான். வேலையிடத்தில் விபத்து. வெட்டியது நான்.

"நாளைக்கு உமக்கு வேன் இல்லை" என்றார் சச்சிதானந்தன்.

"அப்ப எனக்கும் வேண்டாம்." அடுத்த வரிசையிலிருந்த அனோஜ் கத்தரியை வாளிக்குள் எறிந்தான். தகரம் அதிர்ந்தது. அவனுக்கு எதிரில் நின்ற கலாவின் கத்தரியும் விழுந்தது. பிறகு வரிசை வரிசையாக.

முதலாளி வண்டியில் வந்து இறங்கி ஆங்கிலத்தில் கேட்டார். "ஏன் நிற்கிறீர்கள்? வெயில் வந்துவிடும்."

"குரல் கொடுத்துக்கொண்டுதான் வெட்டுவோம்" என்றான் ராகவேந்திரா. "இல்லாவிட்டால் வெட்ட மாட்டோம்."

"என் விருந்தினர்கள் தூங்குகிறார்கள்."

"பத்து விரலோடு தூங்குகிறார்கள்" என்றான் அனோஜ்.

முதலாளி மலைவிளிம்பில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு குலைகளை.

ஆம்புலன்ஸ் ஒலியெழுப்பி வந்தது. குடில்களில் திரைகள் விலகின. கலா துணைக்கு ஏறினாள். கதவு மூடுமுன் அன்ரி தலையை நீட்டினாள். "டேய் அனோஜ், தம்பிக்கு எதிரில நீ நில். அவனுக்குச் சத்தம் குடு."

அனோஜ் கொடிக்கு அந்தப் பக்கம் போனான். மற்றவர்களும் கத்தரிகளை எடுத்துக்கொண்டு இருவர் இருவராக நின்றார்கள். சச்சிதானந்தன் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராகவேந்திரா இலைகளுக்கு முன் கையை நிறுத்தினான்.

"வர்றேன்." குடில்வரை கேட்டிருக்கும்.

"ஓம், வாங்கோ அண்ணை."

அடுத்த வரிசையில் ஒரு குரல். அதற்கடுத்ததில் இன்னொன்று. வரிசை வரிசையாகக் குரல்கள் ஆற்றுப்பக்கம் இறங்கிப் போயின.