சன்னலுக்கு வெளியே விழுந்த பிலிம்

அரியக்குடி ரோட்டு டூரிங் கொட்டகைக்கு எந்தப் படமும் புதுசாக வந்ததில்லை. மதுரையில் ஓடி, காரைக்குடியில் ஓடி, மேலெல்லாம் கோடு விழுந்த பிறகுதான் இங்கே வரும். அப்படித்தான் ஞானபூரணி நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடிய பாட்டு, எழுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில் அவளைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தது.

சுவரொட்டியைப் பார்த்ததும் அவள் வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். மெட்ராஸில் இரண்டு வருஷம் சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடியவள் அவள் என்பது, புருஷன் சேசுராஜைத் தவிர இந்த ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. இங்கே அவள் டீச்சர். வீட்டு முன்னறையில் பத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். விஷயம் தெரிந்தால் எந்தத் தாய் தன் மகளை அவளிடம் அனுப்புவாள்?

அந்தப் பாட்டைக் குளத்துப் படிக்கட்டில் எடுத்தார்கள். எட்டுப் பெண்கள், மெல்லிசு வெள்ளைச் சேலை, மேலே குடம் குடமாகத் தண்ணீர். கேமராவைக் கீழ்ப்படியில் அண்ணாந்து பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள். ஆட்டம் தெரிய வேண்டுமென்றால் அதை அங்கே கொண்டுபோய் வைப்பானேன்! லைட் பிடிக்கிறவன் முதல் சாப்பாடு கொண்டுவந்தவன் வரை வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். நடுங்கியவளுக்கு ஒரு துண்டு கொடுக்க ஆளில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

கொட்டகையில் ஆபரேட்டர் சேசுராஜ்தான். "அந்தப் பாட்டை ஓட்டாதீக," என்று அவனிடம் கெஞ்சினாள்.

"பாட்டையே எடுத்துட்டா கொட்டகையைப் பிரிச்சுப் போட்ருவாய்ங்க புள்ள. ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்துவாய்ங்க. ஒம் மொகம் வர்ற எடத்தை மட்டும் வெட்டிர்றேன். மாதா மேல சத்தியம்."

சொன்னபடியே பகலில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினான். சாயங்கால ஆட்டத்துக்கு அவள் பெண்கள் பக்கத்து மணலில் போய் உட்கார்ந்தாள். பாட்டு வந்ததும் விசில் காதைக் கிழித்தது. முதுகும் இடுப்புமாக எட்டுப் பேரும் வந்தார்கள். ஓரிடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் முகம் வரவில்லை.

பக்கத்திலிருந்த ராபியா, "வெக்கங்கெட்ட சிறுக்கிக," என்றாள். ராபியாவின் மகள் தையலுக்கு வருகிறவள். ஞானபூரணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மற்ற ஏழு பேரில் இரண்டு பேர் மெட்ராஸில் அவளோடு ஒரே பாயில் படுத்தவர்கள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனாள். கோட்டைச்சாமியின் டீக்கடை வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கோட்டைச்சாமி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதையோ சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கையை இறக்கினான். அவளைப் பார்த்தான். மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"அட, நம்ம டீச்சரு!"

அவள் பால் வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தாள். சேசுராஜ் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"வெட்டுனதை எங்குட்டுப் போட்டீக?"

"எங்குட்டுப் போடுவேன்? கேபின் சன்னலுக்கு வெளியதான். எப்பவும் போடுற எடம்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் செத்துவிட்டது. கேபினுக்குள் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது, குப்பையும் சேரக் கூடாது. அதனால் அறுந்த பிலிமையெல்லாம் சன்னல் வழியே வீசுவது பன்னிரண்டு வருஷப் பழக்கம். விடியுமுன் அதைப் பொறுக்க ஆள் வருவதும் அவனுக்குத் தெரியும். சாமி படத்துத் துண்டு கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். குளிக்கிற காட்சித் துண்டு கிடைத்தால் மடியில் கட்டிக்கொள்வார்கள்.

"முழுசாப் போடலை ஞானம். யாரும் மெசின்ல ஓட்டிறக் கூடாதுன்னு ஒவ்வொரு படமாத் துண்டு துண்டா நறுக்கித்தான்..."

"எவ்வளவு நேரம் வர்ற துண்டு?"

"ஏழு செகண்டு."

செகண்டுக்கு இருபத்துநாலு படம். கணக்கு அவளுக்கும் தெரியும். திரையில் ஏழு வினாடி ஓடி மறைந்திருப்பாள்; எட்டுப் பேரில் யார் என்று யார் கண்டார்கள்! இப்போது நூற்றறுபத்தெட்டு ஞானபூரணிகள், ஈரச் சேலையோடு அசையாமல், யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். நல்லது செய்ய நினைத்துத்தான் செய்தான்.

அவன் சட்டை கூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினான். மணலைச் சலித்துத் திரும்பி வந்தபோது கையில் பதினோரு துண்டுகள்தான் இருந்தன.

தையல் வகுப்பு பத்து மணிக்கு. ஞானபூரணி பாயை விரித்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தரை ஆகியும் ஒரு பெண்பிள்ளையும் வரவில்லை. ஆண்கள்தான் வந்தார்கள். எதிர்ச் சுவரோரம் மூன்று பேர், பிறகு ஐந்து பேர். திறந்திருந்த கதவு வழியாக, அவள் எப்போது எழுந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.