ஆற்றங்கரையில் இரண்டு கோடுகள்

கல்யாண ஜோடிகளை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதரைப் போர் வந்து ஆகாயத்தில் தூக்கிப் போட்டது. விமானத் தளத்தில் எல்லோருக்கும் அவர் ஸ்டுடியோக்காரர். அவரை ஏற்றிக்கொண்டு பறந்தவன் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தத் தம்பி. மனைவியும் அங்கேதான், இருட்டறையில் படம் கழுவும் வேலை. ஸ்டுடியோவில் ஊரார் முகத்துப் பருக்களையெல்லாம் நெகட்டிவிலேயே அழித்துப் பழகிய கை அவளுடையது.

"மச்சான், பயமா இருந்தா என் தோளைத் தட்டுங்க," என்பான் மைத்துனன், கிளம்பும்போதெல்லாம்.

"தட்டினா என்னடா பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண முடியாது. சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான்."

அந்த வாரம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் அவர்கள் படையில் ஒரு பிரிவு வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே பாலத்தை எதிரி தகர்த்துவிட்டான். மூன்று பக்கமும் பீரங்கி, மிச்சப் பக்கம் தண்ணீர். "ஆறு முழுக்கப் படம் எடுத்துட்டு வாங்க. படகு இறக்க ஒரு இடமாவது கிடைக்குதான்னு பார்ப்போம்," என்றார் தளபதி.

மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானம் அது. டிரங்குப் பெட்டி அளவு கேமரா அதன் வெளிப்பக்கத்தில் தொங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டுடியோக்காரர் இடுப்பு வரை வெளியே சாய வேண்டும். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் விழும்படி பார்த்துப் பார்த்து எடுத்தார். குளிரில் விரல் மரத்துப்போனது.

இறங்கியதும் நேரே இருட்டறை. படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தவருக்கு முகம் தொங்கிப்போனது. கரையிலிருந்து தண்ணீர் வரை மெல்லியதாக இரண்டு கோடுகள்.

"போச்சு! தகட்டைக் கீறித் தொலைச்சிட்டேன்."

"இருங்க, அவசரப்படாதீங்க. அடுத்த தகட்டைக் கொடுங்க." அவள் இரண்டையும் அருகருகே பிடித்தாள். அதிலும் கரையின் அதே இடத்தில் அதே கோடுகள். போதாததற்கு, எதிர்க்கரையிலும் இரண்டு கோடுகள் தண்ணீரிலிருந்து மேலேறிப் போயின.

"கீறல் போய் ரெண்டு தகட்டுலயும் கரையோட ஒரே இடத்துல விழுமா? வண்டித் தடங்க இது!" ஈரக் கையோடு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வண்டி ஆத்துல இறங்கி அந்தப் பக்கம் ஏறுது. அங்க ஆழமே இல்லைங்க!"

தளபதி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இது பழைய தடமா இருந்தா? இப்ப தண்ணி ஏறியிருந்தா? அத்தனை உயிரையும் இதை நம்பி எப்படி இறக்கறது? இன்னொரு படம் வேணும். தாழப் பறந்து."

தாழப் பறப்பது என்றால் துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டுவது. அக்கா தம்பியைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க," என்றாள், அவ்வளவுதான்.

மர உச்சிகளை உரசிக்கொண்டு விமானம் ஆற்றுக்குள் புகுந்தது. கரையிலிருந்து எதிரிகள் சடசடவெனச் சுட்டார்கள். இறக்கைத் துணியில் ஓட்டைகள் விழுந்தன. வளைவு திரும்பியதும் ஸ்டுடியோக்காரர் வாய்விட்டுக் கத்தினார். நடு ஆற்றில் ஒரு மாட்டு வண்டி! ஊரைவிட்டு ஓடும் ஏதோ ஒரு குடும்பம். மேலே மெத்தை, மெத்தைமேல் கோழிக்கூடு, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண். தண்ணீர் சக்கரத்தின் அச்சைக்கூடத் தொடவில்லை.

கேமரா விசையை இழுத்தார். அசையவில்லை. முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டார். 'டக்'!

ஓடுபாதையில் ஒரு சக்கரம் கழன்று, விமானம் மூக்கைத் தரையில் குத்தி நின்றது. ஸ்டுடியோக்காரர் தகட்டைப் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். கழுவி எடுத்தபோது ஒரு மூலை உடைந்திருந்தது. ஆனால் வண்டி முழுசாக இருந்தது, கோழிக்கூடு உட்பட.

காயக்கூடப் பொறுக்காமல் பிரதி எடுத்து, சிவப்புத் துணி கட்டிய பையில் போட்டு, மச்சானும் மைத்துனனும் வேறொரு விமானத்தில் பறந்துபோய், சிக்கியிருந்தவர்களின் நடுவில் வீசினார்கள். அப்படியே மேலே வட்டமடித்தார்கள். சற்று நேரத்தில் ஆற்றில் தலைகள் தெரிந்தன. பத்து, நூறு, அப்புறம் எண்ண முடியவில்லை. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்துகொண்டு, தொடையளவு தண்ணீரில் வரிசை வரிசையாக வந்தார்கள். கரையேறியவர்கள் தொப்பிகளை ஆகாயத்தில் வீசினார்கள்.

தளத்தில் தளபதி கட்டித் தழுவிக்கொண்டார். "ஆத்தைக் கடக்கற படம் எங்கே? அதைத்தான் முதல்ல பார்க்கணும்!"

ஸ்டுடியோக்காரர் திருதிருவென விழித்தார்.

"எடுக்கலைங்க. மறந்தே போச்சு."

"அப்போ அவ்வளவு நேரம் மேலே என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"கை தட்டிட்டு இருந்தார் சார்," என்றான் மைத்துனன். "ரெண்டு கையாலயும்."