வெறும் சாக்கு

1
இலங்கையில், கஹவத்தைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு வயதான அம்மா, தோளில் வெறும் சாக்கோடு ஏறி வந்தார். "எங்கம்மா போறீங்க?" என்றேன். "வெறகுக்கு" என்றார். கையில் கத்தி இல்லை. கத்தியில்லாமல் என்ன விறகு? அந்தக் குடைச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

2
அவருக்குக் கிருஷ்ணகுமாரி என்று பேர் வைத்தேன். முதல் வரி: 'அந்திமக் காலத்தின் நிழல்கள் நீள...' (வேண்டாம். அவருக்கு அறுபத்தெட்டுதான்.)

மறுபடியும். கிளினிக்கில் சிங்கள டாக்டர் நோனா, "எவிதின்ன அம்மே" என்றார். சும்மா நடந்துவிட்டு வாங்க என்று அர்த்தம். ஆயுள் முழுக்க றப்பர் பால்வாளியோடு மலை ஏறியவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் போய்ப் பார்த்தார். கையை வீசிக்கொண்டு றப்பர் மரங்களுக்கு நடுவே ஏறுவது பிடித்துப்போனது. முழங்கால் இளகியது, தூக்கம் வந்தது. எல்லாவற்றையும்விட, அந்தக் காலைப்பொழுது அவருக்கே அவருக்கென்று இருந்தது.

சிக்கல் எதிரே வருகிறவர்களால்தான். லயத்து வரிசைவீட்டு ஆட்கள் "எங்க போறீங்க?" என்று கேட்காமல் கடந்து போகமாட்டார்கள். சிங்களத்தில் கேட்டால் "எவிதின்ன யனவா" என்று சொல்லிவிடலாம். தமிழில்? 'சும்மா' என்றால் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். (நான் 'நடைப்பயிற்சி' என்று எழுதிக் கொடுத்தேன். "பக்கத்துவீட்டு கிறேஸ், எந்தப் பரீட்சைக்குக்கா பயிற்சின்னு கேப்பா" என்றார். அடித்துவிட்டேன்.)

அதனால்தான் சாக்கு. இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

3
ஒரு லீவு நாளில் மருமகள் பிரேமலதா வாசலில் மறித்தாள்.

"மாமி, வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு. நான்தான் உங்கள வெறகுக்கு வெரட்டுறேன்னு லயமே பேசுது. பீலிக்குத் தண்ணிக்குப் போக வெக்கமா இருக்கு. இனிமே மலைக்குப் போகாதீங்க."

அதட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் கண் கலங்கியிருந்தது.

'பாசிக் கல்லில் கால் வைத்ததும்...' என்று ஒரு பத்தி தொடங்கினேன். வயதானவர்களை நடக்கவிட்டால் விழுத்தாமல் விடுவதில்லை. எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. கிருஷ்ணகுமாரி விழவில்லை. வீட்டுக்குள் இருந்தார். முழங்கால் மறுபடி இறுகியது. மழைவிட்ட காலைகளில் கதவடியிலேயே நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

4
முடிவு ஒன்று: மருமகளும் கூட நடக்கிறாள். (முடியாது. விடியும் முன்பே அவளுக்கு கார்மெண்ட் பஸ்.)

முடிவு இரண்டு: சாக்கு நிறையக் கீரை பறித்து வருகிறார். (அதுவும் இன்னொரு சாக்கு.)

முடிவு மூன்றை அவரே தொடங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கை உதறி, கால் துடைக்க வாசலில் விரித்தார். அதிலேயே மிதித்து வெளியே இறங்கினார்.

"யாராச்சும் கேட்டா என்ன மாமி சொல்வீங்க?"

"தெரியல புள்ள. கேக்கட்டும்."

இப்போது வெறுங்கையோடு ஏறிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதில் எனக்கும் தெரியாது. அன்று முதலில் வாயைத் திறந்து கேட்டவன் நான் என்பது மட்டும் தெரியும். பாதை ஒடுக்கமானது, ஒதுங்கினால்தான் இருவர் போகலாம். இன்று மேலிருந்து இறங்கி வருகிறவர் நீங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார். என்ன கேட்கப் போகிறீர்கள்?