ஈரத்துக்குக் கழித்த எடை

2023 மார்ச் 9ஆம் தேதி, ஈப்போ மருத்துவமனை ஒன்றில், முப்பதாவது வாரத்தில் தனுஜா பிறந்தாள். எடை 1.2 கிலோ.

சோதனைக்குழாய் சிகிச்சையின் மூன்றாவது முயற்சியில் தங்கிய குழந்தை. தாய் உமாதேவி ரிங்லெட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். தந்தை குகனேஸ்வரன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். முதல் ஆண்டில் தனுஜா எல்லாவற்றையும் தாமதமாக, ஆனால் ஒழுங்காகச் செய்தாள். கவிழ்ந்தாள், உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக் கத்தினாள். எடைதான் மெதுவாக ஏறியது. முதல் பிறந்தநாள் பரிசோதனைக்குள் ஏழரைக் கிலோ வராவிட்டால், வார்டில் சேர்த்து மூக்கில் குழாய் வைத்துப் பால் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“லேப்புல செஞ்ச புள்ள, அப்படித்தான்லா இருக்கும்” என்றார்கள் லைன் வீட்டுக்காரர்கள். உமாதேவி அதை மருத்துவரிடமே கேட்டாள். அந்தச் சிகிச்சை காரணமில்லை, பத்து வாரம் முந்திப் பிறந்ததுதான் காரணம் என்றார் அவர்.

பரிசோதனைக்கு முதல் நாள் மாலை அவளுக்குப் பொறுக்கவில்லை. மழையில் குடை பிடித்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் குழந்தையைத் தூக்கிப் போனாள்.

“கிராணியாரே, இவள ஒரு தடவ நிறுத்துச் சொல்லுங்க.”

இருபது வருடமாகக் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம், குழந்தையைப் புதுச் சாக்கில் உட்காரவைத்துத் தராசில் தொங்கவிட்டார். தனுஜா அவர் மீசையை எட்டிப் பிடித்தாள்.

“நல்லா இழு பாப்பா! எங்க கொழுந்துல எவ்வளோ கழிச்சிருக்காரு தெரியுமா?” என்றாள் வரிசையில் நின்ற மோகனா.

“ஆறு புள்ளி ஒம்போது” என்றார் கிராணி.

உமாதேவி வீட்டுக்கு வந்து, வார்டுக்கு வேண்டிய துணிகளைப் பையில் அடுக்கினாள்.

மறுநாள் ஈப்போவில் நர்ஸ் குழந்தையை நிறுத்து 7.7 என்றாள்.

“மிஸ்ஸி, இன்னொரு தடவ பாருங்க.”

மறுபடியும் 7.7.

“நேத்து ஆறு புள்ளி ஒம்போதுதானே இருந்துச்சு!”

“யாரு நிறுத்தது?” என்றான் குகனேஸ்வரன்.

“கிராணி.”

“நேத்து அங்க மழையா?”

“ஆமாங்க.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு நூற்றுக்குப் பத்து கழிப்பது தோட்டத்து வழக்கம். கைப்பேசியில் நாகரத்தினத்தை அழைத்தான்.

“அண்ணே, எம்மவளுக்கும் ஈரத்துக்குக் கழிச்சீங்களா?”

“தராசுல ஏழு புள்ளி ஒம்போது. சாக்குக்கு இருநூறு கிராம். அப்புறம்... ஐயோ, கழிச்சிட்டேன்லா! கை பழகிப்போச்சுப்பா.”

“அவ நனையவே இல்லண்ணே!”

உமாதேவி கைப்பேசியைப் பிடுங்கினாள். “நாளைக்கு அவளக் கூட்டிட்டு வரேன் கிராணியாரே. மீசைய பத்திரமா வச்சிருங்க.”

மருத்துவர் அட்டையில் 7.7 என்று எழுதினார். குழாய் தேவைப்படவில்லை. அடுத்த பரிசோதனை செப்டம்பரில்.