மழையில் ஓர் ஆள்

எங்கள் ஊரில் வேலை கேட்டு வருகிறவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மழையில் நிற்கும் ஓர் ஆளை வரையச் சொல்வார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இவரை எடுக்கலாம், இவர் வேண்டாம் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. ரொஸாரியோ பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் உளவியல் படித்ததில் எனக்குக் கிடைத்தது அது.

என் மனைவி யானினா இறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெற்றோர் வீட்டில்தான் சாப்பிட்டேன். போகாமலிருக்க ஒரு காரணம் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு, சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு மாமனார் ரூஃபினோ என் முன்னால் பென்சிலை வைத்தார். இறைச்சி ஆலையை மூடியதிலிருந்து அவருக்கு வேலையில்லை. இப்போது துறைமுகத் தானியக் கிடங்கில் வாயிற்காவலர் வேலைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரரை இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

"குடை வரையணும்னு தெரு நாய்க்குக்கூடத் தெரியும் மாப்ள. எதிர்வீட்டு ஓஸ்கார் இம்மாம்பெரிய குடை வரைஞ்சான். அவனையும் வேணாம்னுட்டாங்க. வேற என்னத்தப் பாக்குறீங்க?"

"சொல்லக் கூடாது மாமா. வேற கம்பெனி எடுக்கிற தேர்வுன்னாலும் தப்பு."

"ஆறு வருஷம் படிச்ச படிப்பு, சொந்த மாமனாருக்கு ஒரு கோடு போட உதவாதா?"

அடுக்களையிலிருந்து மாமியார் எல்பா, "சொல்லிக் குடுப்பா. இல்லேன்னா இந்த மனுஷன் இன்னும் பத்து வருஷம் என் காலுக்குள்ளயே சுத்திக்கிட்டிருப்பாரு" என்றார்.

"முதல்ல நீங்களா வரையுங்க" என்றேன்.

வரைந்தார். தாளின் மூலையில் ஒரு சின்ன ஆள். முகம் இல்லை. கைகள் பைக்குள். காலடியில் தரை இல்லை. மழையைத் தாள் கிழியுமளவு அழுத்திப் போட்டிருந்தார், அந்த ஆளின் தலைமேல் மட்டும். என் மேசைக்கு இது வந்திருந்தால் உடனே ஒதுக்கியிருப்பேன். இப்படி எத்தனையோ படங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தேன். ஆள் நடுவில் நிற்கட்டும். கண், வாய், கை தெரியட்டும். தரைக்கு ஒரு கோடு. மழை லேசாக. கதை எழுதச் சொன்னால், இவர் வேலைக்குப் போகிறார், மழை சீக்கிரம் விட்டுவிடும் என்று எழுதுங்கள்.

ஏழெட்டுத் தாள் வீணானது. கடைசி ஆள் சிரித்துக்கொண்டு நின்றான். ரூஃபினோ அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ போனப்புறம் நீ வேலைக்குத் திரும்புறப்ப உன்னையும் சோதிச்சாங்கல்ல?"

"சோதிச்சாங்க."

"பாஸ் பண்ணிட்டியோ?"

"என்ன கேப்பாங்கன்னு தெரியும் மாமா."

"அதான பாத்தேன். எழவு வீட்டுல எல்லாருக்கும் காப்பி ஊத்திக் குடுத்துட்டு நின்ன. இவன் என்ன கல்லான்னு எல்பா கேட்டா. கல்லு இல்லடி, படிச்சவன்னு சொன்னேன்."

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் தாள்களை மடித்து அடுப்பில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனில் கூப்பிட்டார்.

"வேலை கெடச்சிருச்சு மாப்ள. படத்தப் பாத்து தேர்வு எடுத்த பொண்ணு அசந்துட்டா."

குரலில் சந்தோஷம் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"முடிக்கிறப்ப, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா. நீ அதச் சொல்லிக் குடுக்கலையே."

எனக்கு அது தோன்றவேயில்லை. நான் தினமும் கேட்கிற கேள்வி.

"என்ன சொன்னீங்க?"

"ஒரே பொண்ணு, நல்லா இருக்கான்னேன். கட்டிக் குடுத்தாச்சு, மருமகன் உங்கள மாதிரிதான்னேன். அவ எழுதிக்கிட்டா." மூச்சு வாங்கினார். "நான் செஞ்சது சரியா மாப்ள?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண், 'அண்மையில் இழப்பு, தனிமைப் பணிக்கு ஏற்றவரல்ல' என்று எழுதியிருப்பாள். நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

"சரிதான் மாமா" என்றேன்.

அடுத்த வாரம் அவர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனதால், எல்பா என்னிடம் கொடுத்தனுப்பினார். கிடங்கு வாசலில் சோயா லாரிகள் வரிசையாக நின்றன. காவல் அறையிலிருந்து மேற்பார்வையாளர் பாஸ்ஸோ எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

"மாப்பிள்ளையா! வாங்க டாக்டரே! உங்க மாமா வாயத் தொறந்தா பொண்ணப் பத்தித்தான். பால்கனிக்குப் பச்சை பெயின்ட் அடிச்சாளாமே? நேத்து பூரா அதான் பேச்சு. காது வலிக்குது எங்களுக்கு."

பச்சை பெயின்ட் அடிக்க வேண்டுமென்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. டப்பா இன்னும் திறக்காமல் இருக்கிறது.

ரூஃபினோ கண்ணாடியை வாங்கிக்கொண்டு லாரிகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது.

"எப்படி இருக்கா வீட்டுக்காரி?" என்றார் பாஸ்ஸோ.

"நல்லா இருக்கா."

"பேரனைக் கொஞ்சணும்னு கெழவருக்கு ஆசை. ஏதாவது விசேஷம் உண்டா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அந்த 'இன்னும்' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் என் கையைப் பிடித்துக் காவல் அறை நாற்காலியில் உட்கார வைத்தார். மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாஸ்ஸோவிடம் சொன்னார். பிறகு வெளியே போய், அடுத்த லாரிக்குத் தடுப்பைத் தூக்கினார்.